முழு அப்பளம்

புரட்டாசித் திருவிழா நாட்களில் மணலி புதுநகருக்கு ஆட்டோ கூப்பிட்டால் ஓட்டுநர் ஒரு நிமிடம் யோசிப்பார். பொன்னேரி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் ஒரு பக்கம் வரிசைகட்டி நிற்க, இன்னொரு பக்கம் டி.என். 72, 74 என்று நெல்லை, நாகர்கோவில் வேன்கள் வந்து சேர்ந்துகொள்ளும். வைகுண்டபுரம் அய்யா வைகுண்ட தர்மபதியில் கொடி ஏறிவிட்டது என்று அர்த்தம். பத்து நாள் திருவிழா. தினம் ஒரு வாகனம், கடைசியில் தேர். ஊரில் எல்லோரும் தேரைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்தத் திருவிழா என்றால் பந்திதான். பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து அங்கே வாளி தூக்கியிருக்கிறேன்.

நாங்கள் அய்யா வைகுண்டரைக் கும்பிடும் அய்யாவழிக் குடும்பம் இல்லை. அப்பா ஆலைகளில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர், அம்மா காசிமேட்டில் பிறந்தவர். மணலி புதுநகரே பிழைக்க வந்தவர்களின் ஊர். 1960-களின் பிற்பகுதியில் மணலிக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அதையடுத்து உரத் தொழிற்சாலையும் வந்தன. பிற்பாடு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மறைமலை நகரைப் போல இதையும் ஒரு துணை நகரமாக வைத்து மனை பிரித்தது. கொசஸ்தலை ஆற்றுக்குப் பக்கத்தில், தாழ்வான நிலம். அதன் பலனை மழைக்காலம் தோறும் அனுபவிக்கிறோம். ஆலைக்காரர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் வீடு கட்டினார்கள். அவர்களுக்கு அரிசி, பருப்பு விற்கத் தென் மாவட்டத்துக்காரர்கள் வந்தார்கள். மூட்டை முடிச்சோடு அவர்களுடைய அய்யாவும் வந்தார்.

அந்தப் பதிக்குள் நுழைய ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், ஆனால் தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொள்ள வேண்டும். கோயிலுக்குள் போகும்போது தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிப் பழகிய எனக்கு இது தலைகீழாகத் தெரிந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. 1809-இல் இன்றைய குமரி மாவட்டத்துச் சாமிதோப்பில் பிறந்த வைகுண்டர் காலத்தில், திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட சாதிக்காரன் தலைப்பாகை கட்டக்கூடாது. அவர் எல்லோரையும் கட்டச் சொன்னார். எல்லாச் சாதிக்கும் பொதுவாக ஒரு கிணறு, எல்லோரும் கூடிச் சமைத்து உட்கார்ந்து உண்ணும் வழக்கம் என்று வாழ்ந்தார். அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. 1851-இல் அவர் மறைந்தார். பதியின் கருவறையில் சிலை கிடையாது. ஒரு நிலைக்கண்ணாடி, முன்னால் விளக்கு. கும்பிடப் போனவன் தலைப்பாகை கட்டிய தன் முகத்தையே பார்த்துவிட்டு வருவான். பத்து வயதில் எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, யாரும் அதட்டவில்லை.

பந்தியைக் கவனித்துக்கொண்டவர் எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி. நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவரிடம் ஏமாறாமல் ஒரு சாமானும் வாங்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். எடைக்கல்லில் அவர் கொஞ்சம் கறார்தான், ஒரு கடலைப்பருப்பு கூட அதிகமாக விழாது. ஆனால் அந்தக் கடைக்குப் போக எந்தப் பிள்ளையும் முரண்டு பிடித்ததில்லை. பரீட்சை முடிவு வரும் சமயத்தில் புளி வாங்கப் போனால், "எலேய், நூறு கிராம் காணுமா? கொழம்புக்கு நூறு சரி. உன் வயித்துல கரைக்கதுக்குத் தனியா வேணுமே?" என்பார். மாசக் கடைசியில் அம்மா என்னைக் கையில் காசில்லாமல் அனுப்புவார். "அம்மா கணக்குல எழுதிக்கச் சொன்னாங்க" என்று நான் தொண்டைக்குள்ளேயே சொல்வேன். அவர் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "எழுதாம? பேனாவக் காதுல சொருகி வச்சிருக்கது காது குடையவா?" என்பார். நின்றிருக்கும் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில், காசில்லாமல் வந்தவன் நான் என்பது எங்கேயோ போய்விடும். பேனா வைத்த காதைப் பற்றிய சிரிப்பு அது, என்னைப் பற்றியது அல்ல.

முதன்முதலில் என்னிடம் சாம்பார் வாளியைக் கொடுத்தபோது நான் ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ. சமுதாய சேவை செய்யும்போது சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். நானும் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, முகத்தைப் பார்த்து, பல்லைக் காட்டி, ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்ந்தேன். ஏழெட்டு இலை தாண்டியிருப்பேன். பின்னாலிருந்து அண்ணாச்சி வந்து முழங்கையைப் பிடித்தார்.

"குனிலே. நீ நெட்டமா நின்னா உக்காந்திருக்கவன் அண்ணாந்து பாக்கணும்."

குனிந்தேன்.

"மூஞ்சியப் பாக்காத. இலையப் பாரு. சோறு பாத்தி கட்டியிருக்கானா? ஊத்து. கையால மறைக்கானா? விடு. பொறியல் தீந்துருக்கா? பின்னால வாறவனக் கூப்பிடு. அவன் மூஞ்சில என்ன எழுதியிருக்கு, அதப் படிச்சு நீ என்ன செய்யப் போற?"

எனக்குச் சுருக்கென்றது. சிரித்தது தப்பா? பந்தி முடிந்து, எச்சில் இலை எடுத்து, நாங்கள் உட்கார்ந்து சாப்பிடும்போது அவரே சொன்னார். "நீ சிரிச்சா பதிலுக்கு அவன் சிரிக்கணும்லா மக்கா. சிரிப்பு கைமாத்து மாதிரி, வாங்குனவன் திருப்பிக் குடுக்கணும். பசிச்சு வந்து உக்காந்தவன்ட்ட எதுக்குக் கடன் வைக்க?"

இதைக் கேட்டால் அவர் உம்மென்று பரிமாறுகிற ஆள் என்று தோன்றும். நேர் எதிர். பந்தியில் அண்ணாச்சி இறங்கினால் அந்த வரிசை முழுக்கக் கலகலப்பாகிவிடும். ஆனால் அவர் யாரையும் குறிவைத்துச் சிரிக்கமாட்டார். சோற்றுக்கூடையோடு நடந்துகொண்டே பொதுவில் பேசிக்கொண்டு போவார். "சோறு, சோறு, சோறு. வேண்டாம்னு சொல்லுகவங்களுக்கு ரெண்டு கரண்டி." "கொழம்பு உறைக்குன்னு யாரும் சொல்லிராதீங்க, சமையக்காரரு பொசுக்குன்னு அழுதிருவாரு." "அந்தா தூண்ல சாய்ஞ்சிருக்கவரு நேத்தும் வந்தாரு, தூணுதான் மெலிஞ்சு போச்சு." தூணில் சாய்ந்தவர் அவருடைய கூட்டாளி, இன்னொரு கடைக்காரர். கிண்டல் எப்போதும் தன் ஆட்கள் மேல்தான் விழும். சாப்பிட வந்தவர்கள் தலைகுனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டே சிரிப்பார்கள். சிரிக்க விரும்பாதவர்கள் சிரிக்காமல் சாப்பிடலாம். அவருடைய சந்தோஷத்துக்கு யாருடைய பதிலும் தேவைப்படவில்லை.

யார் யாரோ வந்து உட்காருவார்கள். பக்தர்கள் பாதி. மீதிப் பேர் லாரி கிளீனர்கள், கன்டெய்னர் யார்டுகளில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன்கள், சடையங்குப்பம், இடையஞ்சாவடிப் பக்கத்துக் கூலிக்காரர்கள், துப்புரவு வேலை முடித்து அப்படியே வந்தவர்கள். முதல் சுற்றுச் சோற்றை எல்லோரும் ஒரே மாதிரிதான் சாப்பிடுவார்கள், வேகமாக, பேசாமல். இரண்டாம் சுற்றில் அண்ணாச்சியின் கண் வேறு மாதிரி வேலை செய்யும். யார் கேட்கிறார்கள், யார் கேட்கவில்லை என்று பார்த்துக்கொண்டே வருவார்.

ஒருநாள் துப்புரவுப் பணி உடையோடு வந்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இன்னா இது? ஒட்ச்சல் அப்பளமா போட்டுக்கினே போற? முழுசு ஒண்ணு எத்துக்கினு வா."

கூடையில் அடியில் கிடந்ததை அள்ளி வைத்திருந்தேன். என் கூட வந்தவன் முகம் மாறியது. ஓசியில் சாப்பிட்டுவிட்டு இதற்கு மேல் அதிகாரமா என்று அவன் வாய்க்குள் முனகியதும் எனக்குக் கேட்டது. நான் ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அந்த மனுஷர் முகம் மலர்ந்ததே, அதைப் போல அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் இல்லை. "முழுசு கேக்காளா? கேட்டாளா?" என்று இரண்டு முறை கேட்டார். சமையல்கட்டுக்குத் தானே போய், புதிதாகப் பொரித்ததில் இரண்டை எடுத்து ஒரு தட்டில் வைத்து என்னிடம் கொடுத்தார். "போ. கொண்டு வை. ஒண்ணும் பேசாத, வச்சிட்டு வா." தானே கொண்டுபோய் வைத்திருக்கலாம். போகவில்லை. தூரத்தில் நின்று, அந்த அம்மா அப்பளத்தைச் சோற்றின் மேல் நொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர் நகர்ந்தபோது கூட அவர் அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தர்மம் நடக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் என் கண் இப்போது அதைத்தான் தேடுகிறது. வாங்குகிறவர் குறை சொல்கிறாரா? இன்னும் கொஞ்சம் கேட்கிறாரா? இது வேண்டாம், அது கொடு என்கிறாரா? கேட்டால், அங்கே கொடுக்கிறவர்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். கொடுக்கிறவர்களின் பல்வரிசையைப் பார்த்து எடை போடுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது.

2013-இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். அதைச் சாப்பாட்டுக் கணக்காகத்தான் எல்லோரும் பேசினார்கள். நான் கவனித்தது, அங்கே யாரும் சிரிக்க வேண்டியிருக்கவில்லை என்பதைத்தான். ஒரு ரூபாயை வைத்தவனுக்கு இட்லி கல்லாக இருக்கிறது என்று சொல்ல உரிமை வந்துவிடுகிறது. பரிமாறும் மகளிர் குழுப் பெண்களும் பதிலுக்கு இரண்டு வார்த்தை விடுவார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு மரியாதை இருந்தது.

இதற்கு நேர்மாறானதை 2015 டிசம்பரில் பார்த்தோம். வெள்ளம் வடிந்து, தெருவில் சேறு காயாத நாட்கள். நிவாரணப் பொட்டலங்களில் கட்சிக்காரர்கள் தங்கள் தலைவர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிய விவகாரம் அந்த மாதம் ஊர் சிரித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் கட்சிக்காரர்கள் இல்லை. நகரத்தின் மறுகோடியிலிருந்து, தங்கள் சொந்தக் காசில் அரிசியும் போர்வையும் வாங்கி, உடைந்த சாலையில் வேனை ஓட்டிக்கொண்டு வந்த நல்ல பிள்ளைகள். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் கூடவே ஒரு கேமராவும் வந்தது. அம்மா இரண்டு நாளாகத் தலை துவட்டக் காய்ந்த துணியில்லாமல் இருந்தவர். அரிசிப் பையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை ஒரு பையனும் பிடித்திருந்தார்கள். அந்தப் பையன் அழகாகச் சிரித்தான். படம் எடுத்தவன், "அம்மா, கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான்.

அம்மா சிரித்தார். படம் விழுந்தது. வீட்டுக்கு வந்து பையை மூலையில் வைத்துவிட்டு, "நா இன்னா கல்யாணப் பொண்ணா, இளிச்சுக்கினு நிக்க?" என்றார். அடுத்த வாரம் அதே வேன் பாத்திரங்களோடு வந்தது. எங்கள் வீட்டில் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதில் ஒரு குண்டான்தான் மிச்சம். அம்மா போகவில்லை. என்னையும் போக விடவில்லை.

அந்தப் பையன் சிரிப்பு பொய்யில்லை என்பதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. அவன் மனசு நிறைந்துதான் சிரித்தான். கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. 2012-இல் கனடாவின் வான்கூவரில் உளவியலாளர்கள் இரண்டு வயது கூட நிறையாத குழந்தைகளை வைத்துச் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குழந்தைக்குக் கொஞ்சம் பிஸ்கெட் கொடுத்தார்கள், பிறகு அதிலிருந்து கொடுக்கச் சொன்னார்கள். எந்த நேரத்தில் குழந்தையின் முகம் அதிகம் மலர்கிறது என்று படம் பிடித்து மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். பிஸ்கெட் வாங்கும்போதை விடக் கொடுக்கும்போது முகம் அதிகம் மலர்ந்தது. அதிலும் தனக்கென்று வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தபோது இன்னும் அதிகம். மனிதன் பிறவியிலேயே கொடுத்து மகிழ்கிறவன் என்பதற்கு ஆதாரமாக இதைச் சொல்கிறார்கள். சந்தோஷமான செய்திதான். ஆனால் அந்தச் சோதனையில் பிஸ்கெட்டை வாங்கிக்கொண்டது யார் தெரியுமா? ஒரு கைப்பொம்மை. வாங்கியதும் அது ருசித்துத் தின்பதுபோல் சத்தம் போட்டது. அந்தப் பொம்மைக்கு வெட்கம் கிடையாது. ஈரத்தலை கிடையாது. நாளைக்கும் அதே தெருவில் நடக்க வேண்டிய அவசியமும் கிடையாது.

நம் வள்ளுவருக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது. ஈகை அதிகாரத்தில், கேட்டவனின் இனிய முகத்தைக் காணும் வரைக்கும் கேட்கப்படுவதும் துன்பம்தான் என்கிறார். கொடுப்பவனின் மனநிலையை இதைவிட நேர்மையாகச் சொல்ல முடியாது. வாசலில் ஒருவன் வந்து நின்றால் முதலில் வருவது சங்கடம்தான். அவன் முகம் மலர்ந்த பிறகுதான் நமக்கு மூச்சு வருகிறது. ஆனால் இந்தக் குறளை அரைகுறையாகப் படித்தால் கேமராக்காரன் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கொடுத்துவிட்டேன், எங்கே உன் இன்முகம் என்று கேட்க ஆரம்பித்துவிடுவோம். அவரே இனியவை கூறலில், மனம் மகிழ்ந்து கொடுப்பதையும் விட முகம் மலர்ந்து இனிமையாகப் பேசுவது மேல் என்று கொடுக்கிறவன் பக்கம் பொறுப்பை வைத்திருக்கிறார். மலர வேண்டிய முகம் முதலில் எது என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை.

வள்ளலார் இளமையில் ஏழுகிணறிலிருந்து திருவொற்றியூர் வரை நடந்து நடந்து தேய்ந்த மனிதர், ஒரு கணக்கில் எங்கள் வடசென்னைக்காரர். 1867-இல் வடலூரில் அவர் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் எரிகிறது. பசி ஆறியவன் முகத்தில் பொங்கும் இன்பத்தைக் கடவுள் இன்பமாகவே அவர் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் எழுதினார். அங்கே முகம் வருகிறது, ஆனால் சோறு உள்ளே போன பிறகு வருகிறது. பையைக் கையில் வாங்கும் நொடியில் அல்ல. இந்த நேர வித்தியாசம் சின்ன விஷயமில்லை. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் கொடுக்கும் நொடியில்தான் எடுக்கிறார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவனிடம் வெற்றிலை கேட்கும் முகத்தை யாரும் எடுப்பதில்லை. அங்கேதான் வள்ளலார் சொன்னது இருக்கிறது.

அண்ணாச்சிக்கு வள்ளலாரைப் பற்றி அதிகம் தெரியாது. அவருடைய ஆள் கலைவாணர். ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் அவர் ஊர்ப்பக்கத்துக்காரர் என்பதில் தனிப் பெருமை. சிரிக்க வைத்துச் சம்பாதித்ததையெல்லாம் கொடுத்தே தீர்த்தவர் என்று பெயரெடுத்த மனிதரைப் பற்றி, கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் கதை கதையாகச் சொல்வார். எத்தனை உண்மை, எத்தனை அண்ணாச்சியின் கைச்சரக்கு என்று தெரியாது. எல்லாக் கதைகளும் ஒரே மாதிரி முடியும்: ஏமாற்றிக் காசு வாங்க வந்தவனின் பொய்யை ரசித்து, நன்றாக நடித்தாய் என்று கூடக் கொஞ்சம் கொடுத்து அனுப்பினார் கலைவாணர். "அதாக்கும் கொடை" என்பார் அண்ணாச்சி. அடுத்த நிமிடமே ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுக்கப் பார்த்தவரிடம் மல்லுக்கு நிற்பார். இந்த இரண்டு அண்ணாச்சியும் ஒரே ஆள் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. இப்போது யோசித்தால், அவர் கறாராக இருந்ததால்தான் அவரிடம் வாங்குவது லேசாக இருந்தது என்று தோன்றுகிறது. எப்போதும் உருகிக்கொண்டே இருக்கிறவர்களிடம் கை நீட்டுவது கஷ்டம்.

2021 நவம்பரில் பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து திறந்துவிட்ட உபரித் தண்ணீர் கொசஸ்தலையில் வந்து எங்களை மூழ்கடித்தது. மழை நின்ற பிறகு, வெயிலில் வந்த வெள்ளம். வானம் தெளிவாக இருக்கும்போது தெருவுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்ப்பது ஒரு தினுசான பயம். அண்ணாச்சி, கடைப் பையன்களை வைத்து அரிசி மூட்டைகளை இரவோடிரவாக மாடிக்கு ஏற்றியிருந்தார். மறுநாள் மாடிப்படியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இடுப்பளவுத் தண்ணீரில் வந்தவர்களுக்கு அரிசி, பருப்பு, மெழுகுவத்தி, பால் பவுடர். யாரிடமும் காசு வாங்கவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் நோட்டில் எழுதினார். பெயர், சாமான், எடை, விலை. காதில் பேனா.

அப்போது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கு உதவியாகப் படியில் நின்றேன். இந்தக் கணக்கை வசூலிக்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கும் தெரியும். "எதுக்கு அண்ணாச்சி எழுதிக்கிட்டு, கை வலிக்கலையா?" என்றேன். "எழுதலேன்னா இந்தா, அந்த ஆறாம் நம்பர் வீட்டுக்காரன் வருவான்னு நெனைக்கியா?" என்று கண்ணைக் காட்டினார். ஆறாம் நம்பர் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மனிதர், யாரிடமும் எதுவும் கேட்டறியாதவர். இடுப்பளவுத் தண்ணீரில் பையைத் தலைமேல் பிடித்தபடி நின்றுகொண்டு, "தொவரம்பருப்பு கிலோ எவ்ளோ போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அண்ணாச்சி விலையைச் சொன்னார். "போன வாரம் அஞ்சு ரூபா கம்மியா இருந்திச்சே?" "போன வாரம் ரோட்டுல நடந்து வந்தீரு, இந்த வாரம் படகு சர்வீஸு உண்டுல்லா?" மாடி, படி, தண்ணீர் எங்கும் சிரிப்பு. ஆறாம் நம்பர்காரரும் சிரித்துவிட்டு, ஒரு கிலோ என்றவர் ஒன்றரைக் கிலோவாக்கிக்கொண்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அண்ணாச்சி இங்கே இல்லை. வயதாகிவிட்டது என்று மகன் கையில் கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த முறை எண்ணூர்க் குப்பங்களில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுப்பாகிப்போயின. நாங்கள் சிலர் இங்கிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம். கைகளில் எண்ணெய் அப்பிய மனிதர்கள் பொட்டலத்தைத் தொட யோசித்து நின்றார்கள். எங்களோடு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லிக்கொடுக்காமல், பொட்டலங்களை ஒரு மேசைமேல் பரப்பிவிட்டு, "அண்ணா, இதுல எது லெமன், எது தயிர்னு எனக்கே கொழம்பிப் போச்சு. கொஞ்சம் பிரிச்சுப் பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள். அவ்வளவுதான், நாலு பேர் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டு வந்து வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்று வெளியாளுக்குச் சொல்லத் தெரியாது. தயிர்சாதத்தில் உப்பு இல்லை என்று ஒரு பெரியவர் அவளைத் திட்டவும் செய்தார். அண்ணாச்சி இருந்திருந்தால் போனில் சொல்லியாவது அவளைப் பாராட்டியிருப்பார்.

அந்த 2021 நோட்டைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. பொங்கல் கழிந்து, அப்பாவுக்கு நின்றுபோயிருந்த சம்பளம் வந்ததும், அம்மா பணத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு கடைக்குக் கிளம்பினார். "அவரு வாங்கமாட்டாரும்மா, வெள்ளத்துல கொடுத்தது" என்றேன். "வாங்காம இன்னா, என்ன அவமானப்படுத்தவா?" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அண்ணாச்சி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்கக் கூடாது, இருக்கட்டும், அவசரமில்லை, எதுவும் இல்லை. நோட்டை எடுத்தார், தண்ணீர் பட்டு உப்பியிருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார், அம்மாவின் பெயரைக் கண்டுபிடித்தார். விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினார். "அறுநூத்தி முப்பத்தெட்டு, தங்கச்சி." அம்மா அறுநூற்றைம்பது கொடுத்தார். அவர் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எண்ணி, கல்லாவில் போட்டார். பெயரின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு ரூவா சில்லறை இல்லியே. மிட்டாய் ரெண்டு எடுத்துக்கிடுதியளா?"

"மிட்டாய் துன்ற வயசா எனுக்கு? ரெண்டு ரூபாவ காசாவே குடு அண்ணாச்சி."

"பாத்தீங்களாய்யா" என்று கடையில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார் அண்ணாச்சி. "ரெண்டு ரூவாய விடமாட்டேங்கா!" கல்லாவைக் கிளறினார், பக்கத்து டீக்கடைக்கு ஆள் அனுப்பினார், ஊதுவத்தி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு வழியாக ஒற்றை ரூபாய்க் காசு இரண்டு அகப்பட்டது. அம்மா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்று ரொம்பத் தேய்ந்திருக்கிறது, வேறு கொடு என்றார்.